பிரடெரிக் டக்ளஸ்: எழுத்தறிந்து அடிமைத்தளை அறுத்தவர்

ஒரு மனிதனை அடிமையாகவே வைத்திருக்க விலங்கும் சவுக்கும் மட்டும் போதா. அவன் எழுத்தறியாதவனாகவும் இருத்தல் வேண்டும். இவ்வுண்மையை அடிமைகளைக் காட்டிலும் அவர்களை உடைமையாகக் கொண்டிருந்தவர்களே முதலில் தெளிவாக உணர்ந்திருந்தனர். அமெரிக்காவின் தென் கரோலினாவில் 1740ஆம் ஆண்டிலேயே அடிமைக்கு எழுதக் கற்பிப்போருக்கு நூறு பவுன் தண்டம் விதிக்கும் சட்டம் இயற்றப்பட்டது. எழுதுவதற்கு ஏன் இத்தனை அச்சம்? அடிமை ஒருவன் தோட்டத்தை விட்டு வெளியே நடமாட வேண்டுமாயின் எசமானர் எழுதிக் கொடுத்த அனுமதிச் சீட்டு தேவை. எழுதத் தெரிந்த அடிமை அச்சீட்டைத் தானே எழுதிக்கொண்டு விடுவான் அன்றோ! 1830ஆம் ஆண்டில் வட கரோலினா படிப்பையும் எழுத்தையும் ஒருங்கே தடை செய்தது. கணக்கு கற்பிப்பதற்கு மட்டும் விலக்கு அளித்தது. எண்ணத் தெரிந்த அடிமையால் எசமானருக்கு ஆதாயம் உண்டு. படிக்கத் தெரிந்த அடிமையால் ஆபத்தே உண்டு என்பது அவர்களது கணக்கு.

அக்கணக்கைப் பொய்யாக்கிய பெருமகனார் பிரடெரிக் டக்ளஸ். அவரது வாழ்க்கையை, அவர் எழுத்துக் கற்ற வரலாறாகவும் கற்பித்த வரலாறாகவும் நம் இளைஞர்கள் அறிந்துகொள்ளுதல் நன்று.

பிறப்பும் இளமையும்

மேரிலாந்து மாநிலத்தின் டால்பட் வட்டாரத்தில் 1818ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அவர் பிறந்தார். பிரடெரிக் அகஸ்டஸ் வாஷிங்டன் பெய்லி என்பது தாய் இட்ட பெயர். பிறந்த நாளை அவர் அறியார். ஆடு மாடுகளைப் போல அடிமைகளின் பிறப்பும் உடைமையாளரின் கணக்கேட்டில் ஒரு வரியாக எழுதப்பட்டதே தவிர, பிறந்தவனுக்கு அது சொல்லப்படவில்லை. தாயார் ஹாரியட் பெய்லி பன்னிரண்டு மைல் தொலைவில் வேறொரு வயலில் உழைத்தவர். பகலெல்லாம் பாடுபட்டு, இரவில் நடந்து வந்து மகனைத் தழுவி உறங்கச் செய்து, விடியுமுன் திரும்பி விடுவார். பிரடெரிக்குக்கு ஏழு வயதளவில் அத்தாயும் மறைந்தார். அவ்வம்மையார் எப்படியோ படிக்கக் கற்றிருந்தார் என்பதைப் பிற்காலத்தில் அறிந்த டக்ளஸ், தமக்கு எழுத்தின் மீது எழுந்த வேட்கையைத் தாய்வழிச் செல்வமாகவே கருதிப் பெருமிதம் கொண்டார்.

முதல் எழுத்தும் முதல் தடையும்

1826ஆம் ஆண்டில் எட்டு வயதுச் சிறுவன் பால்டிமோர் நகரில் ஹியூ ஆல்டு என்பவரது வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்டான். அவ்வீட்டுத் தலைவி சோபியா, அதற்குமுன் அடிமை எவரையும் தம்கீழ் வைத்திருந்தவர் அல்லர். அவர் விவிலியத்தை உரக்கப் படிப்பதைக் கேட்ட சிறுவன், தனக்கும் கற்றுத் தருமாறு வேண்டினான். அவரும் மனமுவந்து ஆங்கில அகர வரிசையைக் கற்பித்தார். பின்னர் மூன்று நான்கு எழுத்துக்கள் கொண்ட சிறு சொற்களை எழுத்துக்கூட்டிப் படிக்கவும் பழக்கினார்.

சிறுவனின் தேர்ச்சியைக் கண்டு மகிழ்ந்த சோபியா அதைக் கணவரிடம் கூறினார். கணவரோ திடுக்கிட்டார். படிக்கத் தெரிந்துவிட்டால் அவன் அடிமை வேலைக்கு உதவாதவன் ஆகிவிடுவான் என்று சிறுவனின் எதிரிலேயே எச்சரித்துப் பாடத்தை நிறுத்தினார். தடுப்பதற்காகச் சொன்ன அச்சொற்களே சிறுவனுக்கு வழிகாட்டின. எந்தப் பொருளைத் தன் கைக்கு எட்டவிடக் கூடாது என்று எசமானர் இவ்வளவு அஞ்சுகிறாரோ, அப்பொருளில்தான் தன் விடுதலை இருக்கிறது என்று அவன் உணர்ந்துகொண்டான். சோபியாவும் நாளடைவில் மனம் மாறினார். சிறுவன் கையில் செய்தித்தாளைக் கண்டால் பாய்ந்து பறிக்கும் அளவுக்குக் கடுமையானார்.

ரொட்டி கொடுத்து வாங்கிய பாடம்

ஆங்கிலம் கற்போருக்கு ஓர் இடர் உண்டு. தமிழில் எழுத்தின் பெயரும் ஒலியும் பெரும்பாலும் ஒன்றே. ஆங்கிலத்தில் அவை வேறு வேறு. சி, ஏ, டி என்று மூன்று பெயர்களைச் சொல்லிவிட்டுக் கேட் என்று சொல்லை முடிக்க வேண்டும். இருபத்தாறு எழுத்துக்களைக் கொண்டு நாற்பதுக்கும் மேற்பட்ட ஒலிகளைக் குறிக்கும் மொழி அது. ஆகவே ஒலியையும் எழுத்தையும் இணைத்துக் காட்ட ஓர் ஆசான் வேண்டும். ஒழுங்குபட அமைந்த பாடநூலும் வேண்டும்.

இவ்விரண்டையும் பிரடெரிக் தெருவிலே தேடிக்கொண்டான். நோவா வெப்ஸ்டர் 1783ஆம் ஆண்டில் முதன்முதல் வெளியிட்ட எழுத்துக்கூட்டுப் புத்தகம் அந்நாளில் அமெரிக்கப் பிள்ளைகளின் கையில் எங்கும் தவழ்ந்தது. முதலில் தனி எழுத்து. அடுத்து மெய்யோடு உயிர் சேர்ந்த அசைகளின் வரிசை. பின்னர் ஓரசைச் சொல், ஈரசைச் சொல் என்று படிப்படியாக உயரும் நூல் அது. அதன் அசை வரிசையைக் காண்போருக்கு நம் க, கா, கி, கீ வரிசை நினைவுக்கு வரும். அந்நூலைச் சட்டைப் பையில் மறைத்துக்கொண்டு, ஏவிய வேலையை விரைந்து முடித்துவிட்டு, எஞ்சிய நேரத்தில் தெருவிலிருந்த ஏழை வெள்ளைச் சிறுவர்களை அணுகினான். அவர்கள் பசித்திருந்தனர், இவன் கையில் வீட்டு ரொட்டி இருந்தது. ரொட்டித் துண்டைக் கொடுத்துப் பாடத்தைப் பெற்றான். அச்சிறுவர்களுக்குத் தீங்கு நேரலாகாது என்பதற்காகத் தம் நூலில் அவர்களது பெயர்களை அவர் வெளியிடவில்லை.

பன்னிரண்டாம் வயதளவில், காலணிகளுக்கு மெருகிட்டு ஈட்டிய ஐம்பது சென்ட் கொடுத்துக் கொலம்பியன் ஆரேட்டர் என்னும் சொற்பொழிவுத் தொகுப்பை வாங்கினான். எசமானரோடு அடிமை ஒருவன் வாதிட்டு, நியாயத்தால் வென்று விடுதலை பெறும் உரையாடல் அதில் உண்டு. அதனைத் திரும்பத் திரும்பப் படித்தான். அடிமை முறை இறைவன் விதித்ததன்று, மனிதர் செய்த அநீதியே என்று வாதிடும் சொற்கள் அவனுக்கு அங்கே கிடைத்தன.

சுவரே பலகை, சுண்ணக் கட்டியே எழுதுகோல்

படிக்கத் தெரிந்தது, எழுதத் தெரியவில்லை. கப்பல் கட்டும் துறையொன்றில் தச்சர்கள் மரங்களைச் செதுக்கி முடித்தபின், கப்பலில் அம்மரம் சேர வேண்டிய இடத்தைக் குறிக்க எழுத்திடுவதை அவன் கவனித்தான். இடப்பக்கத்து மரத்துக்கு எல், வலப்பக்கத்து மரத்துக்கு எஸ், முன்பகுதிக்கு எப், பின்பகுதிக்கு ஏ. இந்நான்கு எழுத்துக்களே அவனது முதற் கையெழுத்துப் பாடம். பின்னர் எழுதத் தெரிந்த சிறுவர்களைக் கண்டால் தானும் அவர்களுக்கு இணையாக எழுதுவதாகச் சவால் விடுவான். அந்நான்கையும் எழுதிக் காட்டி, இதை வெல்லுங்கள் பார்ப்போம் என்பான். அவர்கள் வெல்வதற்காக எழுதிக் காட்டும் எழுத்துக்களைப் பார்த்துப் புதியன கற்றுக்கொள்வான். மர வேலியும் செங்கல் சுவரும் நடைபாதையும் அவனுக்குப் பலகைகள். சுண்ணக் கட்டியே எழுதுகோல்.

அடுத்து, வெப்ஸ்டர் புத்தகத்தின் சாய்வெழுத்துக்களைப் பாராமல் எழுத வரும் வரையில் பார்த்து எழுதினான். வீட்டுப் பிள்ளை தாமஸ் பள்ளியில் எழுதி முடித்த காப்பி நோட்டுகள் வீட்டில் கிடந்தன. திங்கட்கிழமைகளில் சோபியா வழிபாட்டுக் கூட்டத்துக்குச் சென்றிருக்கும் நேரத்தில் அந்நோட்டுகளை எடுத்து, வரிகளுக்கிடையே இருந்த வெற்றிடங்களில் தாமஸின் கையெழுத்தைப் போலவே எழுதிப் பழகினான். இரவில் சமையலறைப் பரணில் மாவுப் பீப்பாயை மேசையாக்கி எழுதினான். இவ்வாறு பல ஆண்டுகள் முயன்ற பின்னரே எழுத்து அவன் கைக்கு வசப்பட்டது.

கற்றவர் கற்பித்தார்

1833ஆம் ஆண்டில் அவர் மீண்டும் நாட்டுப்புறத்துக்கு அனுப்பப்பட்டார். அங்கே தம்மவருக்கு ஞாயிற்றுக்கிழமைப் பள்ளி ஒன்றில் கற்பித்தார். சில வாரங்களுக்குள் தடிகளோடு வந்த வெள்ளையர் கூட்டம் அதனைக் கலைத்தது. மறு ஆண்டு, அடிமைகளின் மன உறுதியை முறிப்பதில் பெயர் பெற்ற கோவி என்பவனிடம் ஒப்படைக்கப்பட்டுச் சவுக்கடிகளை ஏற்றார். பதினாறு வயதில் அவனை எதிர்த்து நின்று போராடினார்; அதன்பின் அவன் சவுக்கு அவர் மேல் விழவில்லை.

1835ஆம் ஆண்டில் பிரீலேண்டு என்பவரது பண்ணையில் இருந்தபோது பள்ளி தொடங்கினார். விடுதலை பெற்ற கறுப்பர் ஒருவர் தம் இல்லத்தை அதற்குத் தந்தார். நாற்பதுக்கு மேற்பட்டோர் வந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் வளர்ந்த ஆடவரும் பெண்டிருமே. வாரம் ஆறு நாள் வயலில் உழைத்து, கிடைத்த ஒரே ஓய்வு நாளில், பிடிபட்டால் கசையடி என்று தெரிந்தே வந்து எழுத்துக்கூட்டினர். குளிர்காலத்தில் வாரம் மூன்று மாலை வேளைகளையும் டக்ளஸ் கற்பித்தலுக்கே ஒதுக்கினார். அவர்களுள் பலர் படிக்கக் கற்றனர். தம் வாழ்நாளில் தாம் ஆற்றிய பணிகளுள் இதனையே இனிமையானதாக அவர் நினைவுகூர்ந்தார்.

1836ஆம் ஆண்டில் தோழர்களோடு தப்பிச் செல்லத் திட்டமிட்டபோது, எசமானர் எழுதியது போன்ற அனுமதிச் சீட்டுக்களை டக்ளஸ் தம் கையாலேயே எழுதினார். சட்டம் இயற்றியவர்கள் அஞ்சியது இதற்குத்தான். எனினும் யாரோ காட்டிக் கொடுத்தனர். பிடிபட்டபோது டக்ளஸ் தம் சீட்டைத் தீயிலிட்டார். தோழர்கள் தத்தம் சீட்டுக்களை மென்று விழுங்கினர். சிறை கண்டு, மீண்டும் பால்டிமோருக்கு அனுப்பப்பட்ட அவர், 1838ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள், மாலுமி உடை தரித்து, இரவல் பெற்ற சான்றுத் தாளோடு புகைவண்டியேறித் தப்பினார். அதற்குத் தம் சேமிப்பை அளித்து உதவியவர் அன்னா மரே என்னும் மங்கை. நியூயார்க்கில் அவரையே டக்ளஸ் மணந்தார். அவ்வம்மையார் இறுதி வரை எழுத்தறிவு வாய்க்கப் பெறாமலே வாழ்ந்து 1882ஆம் ஆண்டில் மறைந்தார். எழுத்தால் உயர்ந்த பெரியோரின் பின்னே, எழுத்தறியாத கைகளின் உழைப்பும் உண்டு என்பதை நாம் மறத்தலாகாது.

எழுதுகோலால் ஆற்றிய போர்

டக்ளஸ் என்னும் பெயரை அவர் விடுதலைக்குப் பின்னரே ஏற்றார். 1841ஆம் ஆண்டு முதல் அடிமை ஒழிப்பு மேடைகளில் முழங்கினார். அவரது சொல்வன்மையைக் கேட்டவர் சிலர், இவர் அடிமையாக இருந்திருக்க முடியுமா என்று ஐயுற்றனர். அவர்களுக்கு விடையாக 1845ஆம் ஆண்டில் தம் வரலாற்றை வெளியிட்டார். அதனைத் தாமே எழுதியதாக நூலின் முகப்பிலேயே பொறித்தார். உடைமையாளர் பெயரும் ஊரும் வெளிப்படையாகக் கூறப்பட்டதால் மீண்டும் பிடிபடும் அபாயம் நேர்ந்தது. அயர்லாந்து, இங்கிலாந்து நாடுகளுக்குச் சென்றார். அங்கிருந்த நண்பர்கள் பணம் திரட்டி, 1846ஆம் ஆண்டில் அவரது விடுதலையைச் சட்டப்படி வாங்கினர். திரும்பியதும் 1847ஆம் ஆண்டில் ராசெஸ்டர் நகரில் நார்த் ஸ்டார் என்னும் இதழை நிறுவினார். பிறர் தம் மக்களுக்காகப் பேசியது போதும், இனித் தாமே பேச வேண்டும் என்பது அவர் துணிவு.

விடுதலை பெற்ற நகரிலும் நிற வேற்றுமை விடவில்லை. 1848ஆம் ஆண்டில் அவருடைய மகள் ரொசெட்டா ஒரு பள்ளியில் தனி அறையில் பிரித்து உட்கார வைக்கப்பட்டாள். அவர் அதனைத் தம் இதழில் வெளிப்படுத்திக் கண்டித்தார். நகரப் பொதுப்பள்ளிகளில் கறுப்புப் பிள்ளைகளைப் பிரித்து வைப்பதையும் எதிர்த்துத் தொடர்ந்து போராடினார். 1857ஆம் ஆண்டில் அப்பிரிவினை ஒழிந்தது. ரொசெட்டா தனியே உட்கார வைக்கப்பட்ட அதே 1848ஆம் ஆண்டில்தான் புனே நகரில் ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாயும் பெண்களுக்குப் பள்ளி தொடங்கினர் என்பதும், 1873ஆம் ஆண்டில் புலே தம் குலாம்கிரி நூலை அடிமை முறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்கு உரிமையாக்கினார் என்பதும் நாம் நினைக்கத் தக்கன.

உள்நாட்டுப் போரில் கறுப்பர் படைக்கு ஆள் திரட்டினார்; தம் மக்களுள் இருவரை அதில் சேர்த்தார். 1865ஆம் ஆண்டில் அரசியல் சட்டத் திருத்தத்தால் அடிமை முறை ஒழிந்தது. பின்னர் உயர் பதவிகள் வகித்து, 1889 முதல் 1891 வரை ஹெய்ட்டி நாட்டில் அமெரிக்கத் தூதராகவும் விளங்கினார். பெண்ணுரிமைக் கூட்டமொன்றில் கலந்துகொண்டு இல்லம் திரும்பிய 1895ஆம் ஆண்டு பிப்ரவரி 20ஆம் நாளன்று உயிர் நீத்தார்.

நமக்குரிய பாடம்

பள்ளி வாயிலை ஒருநாளும் மாணவராக மிதியாத ஒருவர் நூல்கள் எழுதினார், இதழ் நடத்தினார், ஆட்சியாளருக்கு அறிவுரை கூறினார். அதற்கு அடித்தளம், ஒலியறிந்து எழுத்துக்கூட்டியதும், கை வலிக்கப் பார்த்து எழுதியதுமே. இவை சிறிய வேலைகளாகத் தோன்றும். முதல் வகுப்புப் பாடம்தானே என்று பெரியவர்கள் பொருட்படுத்தாமல் விடுவதும் உண்டு. ஐந்தாம் வகுப்புக்கு வந்தும் எழுத்துக்கூட்டத் தடுமாறும் பிள்ளைக்கு, மேல் வகுப்புப் பாடங்கள் யாவும் பூட்டிய கதவுகளே என்பதை ஆசிரியப் பணியில் நாள்தோறும் காண்கிறேன்.

நம் சங்கம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில் இளைஞர்கள் ஒன்றைச் செய்தல் வேண்டும். பட்டம் பெற்றோரும், பள்ளியிறுதி வகுப்பை முடித்தோரும், தத்தம் தெருவில் எழுத்துக்கூட்டத் தடுமாறும் பிள்ளைகள் இருவரையேனும் மாலையில் அருகிருத்திக் கற்பிக்க முன்வர வேண்டும். தடிகளுக்கும் கசைகளுக்கும் இடையே ஓர் அடிமை நாற்பது பேருக்குக் கற்பித்தார். தடுப்பார் எவருமின்றி, மின்விளக்கின் ஒளியில் அமர்ந்து இருவருக்குக் கற்பித்தல் நமக்கு அரிதாகுமோ?