எஃப்.ஏ தேர்வில் 2 முறை ஃபெயில்... ராமானுஜன் கணக்கு கத்துக்கிட்டது எப்படி? ஒலிம்பியாட் மாணவர்களுக்கு என்ன பாடம்?

அரியலூர் மாவட்டம் ஜெயங்கொண்டத்தில் பஸ் ஏறி, அணைக்கரையில் கொள்ளிடத்தைத் தாண்டினால் கும்பகோணம். அங்கே சாரங்கபாணி சன்னதி தெருவில் இருக்கிற சின்ன ஓட்டு வீட்டில்தான் கணித மேதை ராமானுஜன் வளர்ந்தார். பெரம்பலூர், அரியலூர் பக்கம் ஒலிம்பியாட் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு இவ்வளவு பக்கத்தில் வேற உதாரணம் கிடையாது.

கோச்சிங் இல்லை, நோட்டு வாங்கக் காசு இல்லை. அப்புறம் எப்படி கத்துக்கிட்டார்? பார்க்கலாம்.

யார் இந்த ராமானுஜன்?

1887 டிசம்பர் 22-ல் ஈரோட்டில் பிறந்தவர். அப்பா சீனிவாச அய்யங்கார், கும்பகோணத்தில் ஜவுளிக்கடை குமாஸ்தா. அம்மா கோமளத்தம்மாள். படித்தது டவுன் ஹைஸ்கூல். 13 வயசு வாக்கில் லோனி எழுதிய திரிகோணமிதி புத்தகத்தைக் கரைச்சுக் குடிச்சுட்டார்.

வாழ்க்கையை மாத்தின புத்தகம்

1903-ல் ஜி.எஸ்.கார் என்பவர் தொகுத்த புத்தகம் கைக்கு வந்தது. கேம்பிரிட்ஜில் டிரைப்போஸ் என்ற கணிதத் தேர்வு இருந்தது. முதல் ரேங்க் எடுப்பவருக்கு ‘சீனியர் ரேங்லர்’ பட்டம். அந்தத் தேர்வுக்கு டியூஷன் எடுத்தவர்தான் கார். சுமார் 5,000 சூத்திரங்களை அடுக்கியிருந்தார். பெரும்பாலும் நிரூபணம் கிடையாது, சின்னக் குறிப்பு மட்டும்தான்.

இந்தக் குறையே ராமானுஜனுக்கு வரமாச்சு. முடிவு தெரியும், வழி தெரியாது. வழியை அவரே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. பேப்பர் விலை அதிகம் என்பதால் சிலேட்டில் போட்டுப் பார்த்து, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டில் எழுதி வைத்தார்.

ஆனா விலை பெருசு

1904-ல் கும்பகோணம் அரசு கல்லூரியில் உதவித்தொகையோட சேர்ந்தார். கணக்கைத் தவிர வேற எதையும் படிக்கலை. ஆங்கிலத்தில் தோல்வி, உதவித்தொகை போச்சு. வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினம் வரை ஓடிப்போனார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரி. எஃப்.ஏ தேர்வில் 1906, 1907 என இரண்டு முறையும் ஃபெயில். 1909-ல் ஜானகியோட கல்யாணம் ஆனப்போ கையில் வேலையும் இல்லை, பட்டமும் இல்லை.

கைகொடுத்தது யார்?

1910-ல் திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராக இருந்த வி.ராமசாமி அய்யரைத் தேடிப் போனார். இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர் அவர். நோட்டுகளைப் புரட்டினதுமே விஷயம் புரிஞ்சு, சென்னையில் இருந்த கணித நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார்.

கழகத்தின் இதழில் வாசகர்களுக்குப் புதிர் போடும் பகுதி இருந்தது. 1911-ல் ராமானுஜன் அங்கே ஒரு கணக்கு போட்டார். வர்க்கமூலத்துக்குள் வர்க்கமூலம், அதுக்குள் இன்னொண்ணு என முடிவே இல்லாமல் போகும்: √(1+2√(1+3√(1+4√(1+…)))). இதன் மதிப்பு என்ன? பல மாதம் காத்திருந்தும் யாரும் விடை அனுப்பலை. கடைசியில் அவரே சொன்னார்: 3.

எப்படி? பின்னாடியிருந்து பாருங்க. 3-ன் வர்க்கம் 9. அது 1+2×4. இதில் வர்ற 4-ன் வர்க்கம் 16. அது 1+3×5. அடுத்து 5-ன் வர்க்கம் 25. அது 1+4×6. இப்படி ஒவ்வொரு எண்ணையும் வர்க்கமூலமாகப் பிரிச்சுக்கிட்டே போனால் அந்த நீளமான கோவை வந்துடும். முடிவிலிருந்து பின்னோக்கி யோசிக்கிறது இன்னைக்கும் ஒலிம்பியாட்டில் முக்கியமான உத்தி.

தெருவில் எந்த வீடு?

1912-ல் சென்னை போர்ட் டிரஸ்டில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தா வேலை. 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம். 1914 மார்ச்சில் கப்பல் ஏறினார்.

அங்கே மாணவராக இருந்த மகலனோபிஸ் ஒரு பத்திரிகைப் புதிரைப் படித்துக் காட்டினார். ஒரு தெருவில் 50-க்கு மேல், 500-க்குள் வீடுகள். ஒரு வீட்டுக்கு இடப்பக்க எண்களின் கூட்டலும் வலப்பக்கக் கூட்டலும் சமம். அந்த வீட்டு எண் என்ன? சமைச்சுக்கிட்டே கேட்ட ராமானுஜன், அந்தத் தெருவுக்கு மட்டுமல்ல, எல்லாத் தெருவுக்கும் சேர்த்து ஒரே தொடர் பின்னமாக விடை சொன்னார்.

சின்னதாகப் போட்டுப் பாருங்க. 8 வீடு இருந்தால் விடை 6. இடப்பக்கம் 1 முதல் 5 வரை கூட்டினால் 15, வலப்பக்கம் 7+8=15. எல்லா எண்களின் கூட்டல் 36, அதாவது 6-ன் வர்க்கம். இந்த விதிதான் சாவி. புதிருக்கான விடை 288 வீடுகளில் 204-வது வீடு.

விடை மட்டும் போதுமா?

போதாது. ஹார்டிக்கு அனுப்பிய கடிதத்தில் பகா எண்கள் பற்றி ராமானுஜன் சொன்ன சில முடிவுகள் தப்பு. உள்ளுணர்வு அங்கே ஏமாத்திடுச்சு. நிரூபணத்தின் கண்டிப்பை ஹார்டியும் லிட்டில்வுட்டும் கேம்பிரிட்ஜில் கத்துக்கொடுத்தாங்க. 1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர், அதே ஆண்டு டிரினிட்டி கல்லூரி ஃபெல்லோ. 1919-ல் உடம்பு முடியாமல் ஊர் திரும்பியவர், 1920 ஏப்ரல் 26-ல் சென்னையில் காலமானார். வயசு 32 தான்.

இப்போ நீங்க என்ன செய்யலாம்?

இந்தியாவில் முதல் கட்டம் ஐ.ஓ.கியூ.எம். இதில் முழு எண் விடை மட்டும் குறித்தால் போதும். அடுத்து வரும் ஆர்.எம்.ஓ, ஐ.என்.எம்.ஓ இரண்டிலும் வழிமுறையை நிரூபணத்தோட எழுதணும். விடையைக் கண்டுபிடிச்ச ராமானுஜனும், நிரூபணம் கேட்ட ஹார்டியும் உங்களுக்குள்ளேயே இருக்கணும்.

விடைப் பக்கத்தைப் புரட்டும் முன்னாடி ஒரு நாளாவது கணக்கோட இருங்க. எண்களைச் சின்னதாக்கிப் பாருங்க. முடிச்சதும் அதே மாதிரி ஒரு கணக்கை நீங்களே உருவாக்கி நண்பர்கிட்ட கொடுங்க. அப்புறம், மற்ற பாடங்களை விட்டுடாதீங்க. அந்தத் தப்புக்கு ராமானுஜன் கொடுத்த விலை ரொம்ப அதிகம்.