சுருதி சேர்த்த சான்றோர்: ராவ் சாகிப் ஆபிரகாம் பண்டிதர்

மேலைநாட்டு இசையரங்கிலே வயலின், குழல், எக்காளம், முரசு முதலிய கருவிகளைக் கையிற் கொண்டு ஐம்பது அறுபது பேர் ஒருங்கே அமர்ந்திருப்பர். அவர்கட்கு எதிரே ஒருவர் சிறு கோல் ஏந்தி நிற்பர். அவர் கோல் அசைய இசை எழும். அக்கோல் தாழ இசை ஒடுங்கும். நம் நாட்டு நாட்டிய அரங்கிலே தாளம் ஏந்திய நட்டுவனாரும் ஏறக்குறைய இத்தகைய தலைமை பூண்டவரே. ஆயினும், கோல் அசையுமுன்னும் தாளம் ஒலிக்குமுன்னும் செய்யவேண்டுவது ஒன்று உண்டு. கருவிகள் யாவும் ஒரு சுருதியிற் சேர்தல் வேண்டும். சேராவிடின் தலைவர் எத்துணை வல்லவராயினும் பயனில்லை. ஒரு கச்சேரிக்குச் சுருதி சேர்த்தல் சில நிமிடங்களில் முடியும் காரியம். ஒரு நாட்டின் இசைக்கே உரிய சுருதி யாதென ஆராய்ந்து, இசைவாணர் பலரையும் ஓரிடத்திற் கூட்டி, அவர்கள் செவி முன்னிலையில் அதனை நிலைநாட்ட முயன்ற ஒருவர் நம் காவிரி நாட்டிலே வாழ்ந்தார். அவரே தஞ்சை ராவ் சாகிப் ஆபிரகாம் பண்டிதர்.

தஞ்சைக்கு இசை புதிதன்று. சங்கீத மும்மூர்த்திகள் எனப் போற்றப்பெறும் மூவரும் இந்நாட்டுத் திருவாரூரிலே பிறந்தவர்கள். 1798 முதல் 1832 வரை அரசு வீற்றிருந்த இரண்டாம் சரபோஜி மன்னர் அவையில் வீணையும் வயலினும் மேலைநாட்டுப் பாண்டு வாத்தியமும் ஒருங்கே ஒலித்தன. கிறிஸ்தவக் கவியாகிய வேதநாயக சாஸ்திரியார் அம்மன்னரின் நண்பராய் விளங்கியதும் நாம் அறிந்ததே. இத்தகைய ஊரிலே ஒருவர் இசைப்புலவராய் விளங்கினார் என்பதில் வியப்பில்லை. ஆனால் நம் பண்டிதரோ இவ்வூரிற் பிறந்தவரும் அல்லர். பரம்பரை இசைக் குடும்பத்தில் வந்தவரும் அல்லர். தென்பாண்டி நாட்டிலிருந்து உபாத்தியாயராக வந்து, வைத்தியத்தாற் பொருளீட்டி, அப்பொருளை இசையாராய்ச்சிக்கு வாரி வழங்கியவர். இதுவே அவர் சரிதத்தின் தனிச்சிறப்பு.

பண்டிதர் 1859ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 2ஆம் நாள், தென்காசிக்கு அணித்தாகிய சாம்பவர் வடகரை என்னும் ஊரிலே, முத்துசாமி, அன்னம்மாள் என்னும் கிறிஸ்தவப் பெற்றோர்க்குப் புதல்வராய்த் தோன்றினார். எளிய குடும்பம். கல்வி ஒன்றையே செல்வமாகக் கருதிய அவர், திண்டுக்கல்லில் இருந்த ஆசிரியப் பயிற்சிப் பள்ளியிற் சேர்ந்து தேறி, அங்கேயே உபாத்தியாயராகவும் அமர்ந்தார். கற்பிக்கும் வேலையோடு நில்லாமல் கண்ணிற் கண்ட கலைகளையெல்லாம் கற்கும் ஆர்வம் அவர்க்கு இளமையிலேயே இருந்தது. புகைப்படம் எடுக்கும் தொழிலைப் பயின்றார். சடையாண்டிப் பத்தர் என்பவரிடம் வயலின் கற்றார். வயலினின் தந்தியிலே மெட்டுக்கள் இல்லை. விரல் நிற்கும் இடத்தைச் செவியே காட்டுதல் வேண்டும். சுரத்தின் நிலை யாதென்னும் வினா அவர் உள்ளத்தில் வேர்கொள்ளுதற்கு இக்கருவியே தக்க பள்ளிக்கூடமாயிற்று எனல் பொருந்தும்.

சித்த வைத்தியத்திலும் அவர்க்குப் பெருவேட்கை உண்டாயிற்று. மூலிகைகளைத் தேடிச் சுருளிமலைக்குச் சென்றவர், ஆங்குக் கருணானந்தர் என்னும் முனிவரைக் கண்டு, அவரிடம் மருந்து முறைகளைக் கற்றுக்கொண்டார். கிறிஸ்தவ நெறியில் வழுவாது நின்ற பண்டிதர், தமக்கு வித்தை அளித்த அம்முனிவரை வாழ்நாள் முழுதும் மறந்தாரல்லர். பின்னாளில் அவர் அமைத்த தோட்டமும் எழுதிய நூலும் அப்பெரியாரின் பெயரையே தாங்கி நிற்கின்றன.

1882ஆம் ஆண்டின் இறுதியில் ஞானவடிவு பொன்னம்மாள் என்னும் அம்மையாரை மணந்து, மறு ஆண்டு தஞ்சைக்கு வந்து குடியேறினார். லேடி நேப்பியர் பெண்கள் பள்ளியில் அம்மையார் தலைமையாசிரியையாகவும், பண்டிதர் தமிழாசிரியராகவும் பணியாற்றினர். ஓய்வு நேரங்களில் இருவரும் மருந்து செய்து நோயாளர்க்கு உதவினர். மருந்தின் புகழ் பெருகவே, 1890ஆம் ஆண்டிலே பள்ளி வேலையை விடுத்து வைத்தியத்தையே முழுத் தொழிலாக மேற்கொண்டனர். அவர்தம் கோரோசனை மாத்திரைகள் தமிழ்நாட்டிலே மட்டுமன்றி இலங்கை, பர்மா முதலிய நாடுகளிலும் பரவின. மாதச் சம்பளத்தை எண்ணி வாழ்ந்த குடும்பத்திற் செல்வம் குவியலாயிற்று.

செல்வம் வந்தவிடத்து மனிதர் இயல்பு புலப்படும் என்பர். பண்டிதர் 1899ஆம் ஆண்டு தஞ்சை நகர்க்கு வெளியே நிலம் வாங்கிக் கருணானந்தபுரம் எனப் பெயரிட்டார். மக்கள் அதனைப் பண்டிதர் தோட்டம் என்றே வழங்கினர். நெல்லையே நம்பிக் குறுவையும் சம்பாவுமாய்க் காலங்கழிக்கும் இந்நாட்டின் நடுவே, மூலிகைகளும் கரும்பும் பிறவும் புதுமுறையில் அங்கே பயிராயின. விவசாயக் கண்காட்சிகளிலே அவர் பதக்கங்கள் பெற்றார். அரசாங்கம் அவர்க்கு ராவ் சாகிப் என்னும் பட்டம் அளித்தது. சென்னைக் கவர்னராயிருந்த லாலி பிரபுவின் பெயரால் மின்சாரத்தால் இயங்கும் அச்சுக்கூடம் ஒன்றையும் தஞ்சையிலே நிறுவினார். தோட்டத்திலும் அச்சுக்கூடத்திலும் வந்த வருவாய் பின்னர் எங்ஙனம் செலவாயிற்று என்பதை இனிக் காண்போம்.

கீர்த்தனைகள் பல இயற்றித் தம் மக்கட்கும் பிறர்க்கும் கற்பிக்கப் புகுந்த பண்டிதரை ஓர் ஐயம் வருத்திற்று. ஒரு ஸ்தாயியில் உள்ள சுருதிகள் எத்தனை? வடமொழி நூல்கள் 22 என்றன. அவ்விருபத்திரண்டும் எவ்வெவ்விடத்தில் நிற்பன என்று வினவினால், நூலுக்கு நூல் விடை வேறுபட்டது. பாடுவோர் பாட்டிற்கும் நூலோர் கணக்கிற்கும் பொருத்தம் காணப்படவில்லை.

இச்சிக்கலின் மூலத்தை ஒருவாறு விளக்குவோம். ஸட்ஜத்தை ஒலிக்கும் தந்தியில் மூன்றில் இரண்டு பங்கை மீட்டினாற் பஞ்சமம் பிறக்கும். அப்பஞ்சமத்தையே ஸட்ஜமாகக் கொண்டு அதன் பஞ்சமத்தை அடையலாம். இவ்வாறு 12 முறை ஏறினால் 7 ஸ்தாயிகளைக் கடந்து தொடங்கிய சுரத்தையே மீண்டும் அடைதல் வேண்டும். கணக்கிட்டுப் பார்த்தால் அங்ஙனம் அமைவதில்லை. 7 ஸ்தாயிகட்கு மேலுள்ள ஸட்ஜம் தொடக்கத்தைப்போல 128 மடங்கு அதிர்வுடையது. பஞ்சமத்தின் வழியே ஏறியதோ ஏறக்குறைய 129¾ மடங்கு. வட்டம் கூடாது ஒரு சிறு பிளவு நிற்கின்றது. மேலைநாட்டார் இப்பிளவைப் பன்னிரண்டு சுரங்கட்கும் சமமாகப் பகிர்ந்து, ஒவ்வொரு சுரத்திற்கும் அடுத்த சுரத்திற்கும் உள்ள விகிதம் எங்கும் ஒன்றாகுமாறு அமைத்துக்கொண்டனர். நம் ஆலயங்களில் ஒலிக்கும் ஆர்மோனியமும் பியானோவும் இம்முறையில் அமைந்தவையே.

பண்டிதர் இவற்றையெல்லாம் ஆராய்ந்தபின் சிலப்பதிகாரத்தை எடுத்தார். டாக்டர் உ. வே. சாமிநாதையர் அந்நூலை உரையுடன் பதிப்பித்தது 1892ஆம் ஆண்டிலாகும். புலவர்கள் அதனைக் காப்பியமாகப் படித்தனர். பண்டிதர் அதனை இசைநூலாகவும் படித்தார். அரங்கேற்று காதையிலும் அதன் உரையிலும் வரும் பாலைகளின் இலக்கணத்தை வரி வரியாக ஆய்ந்தார். பன்னிரண்டு இராசிகளை வட்டமாக நிறுத்தி அவற்றிற் சுரங்களை அமைக்கும் முறை ஆங்குச் சொல்லப்பட்டிருக்கக் கண்டார். வட்டத்திலே பிளவிற்கு இடமில்லை அன்றோ? ஆதலின், ஸ்தாயியைச் சமவிகிதமாகப் பகுக்கும் முறையைப் பண்டைத் தமிழரே அறிந்திருந்தனர் என்னும் முடிவிற்கு வந்தார். ஆயப்பாலையில் 12, வட்டப்பாலையில் 24, திரிகோணப்பாலையில் 48, சதுரப்பாலையில் 96 எனச் சுருதிகள் நுண்ணிதாகப் பகுக்கப்பெறும் என்பது அவர் கொள்கை. சுருதி 24 என்றால் 22 என்னும் எண் எங்கிருந்து வந்தது? பண்ணைப் பாடுங்கால் இரண்டு அலகுகள் குறைத்துக்கொள்ளப் பெற்றமையால் வந்தது என்று அவர் அதற்கு விடை கூறினார்.

இக்கொள்கையைத் தம் அறைக்குள்ளே எழுதிவைத்து மகிழ்ந்திருத்தல் அவர்க்கு எளிதாயிருக்கும். அவரோ அதனைச் சபையேற்றினார். 1912ஆம் ஆண்டு சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவி, அவ்வாண்டு மே மாதம் 27ஆம் நாள் முதல் மாநாட்டைத் தஞ்சையிலே கூட்டினார். 1914 வரையில் ஆறு மாநாடுகள் நடைபெற்றன. பல ஊர்களினின்றும் வித்துவான்களும் சாஸ்திரம் வல்லோரும் வந்தனர். செலவு முழுவதும் பண்டிதருடையது. அவரவர் வித்தையை அவரவர் வீட்டிற்குள் மறைத்துக் காத்த அக்காலத்திலே, இசையின் அடிப்படையைப் பற்றி யாவரும் வினவவும் மறுக்கவும் ஒரு பொதுமன்றம் அமைந்தது பெரும் புதுமை. குலமும் சமயமும் வேறான பலர் அங்கே ஒருங்கிருந்து வழக்காடினர். பண்டிதரின் கொள்கையை மறுத்தவர்களும் அவர் அளித்த விருந்தை உண்டே மறுத்தனர்!

1916ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் பரோடா மன்னர் ஆதரவில், பாத்கண்டே என்னும் இசையறிஞரின் முயற்சியால், முதல் அகில இந்திய சங்கீத மாநாடு கூடிற்று. பண்டிதர் ஆங்குச் சென்று தம் ஆராய்ச்சியை விரித்துரைத்தார். சொல்லோடு நில்லாமல் செவிக்கும் சான்று காட்ட விரும்பி, தம் புதல்வியர் மரகதவல்லியையும் கனகவல்லியையும் உடனழைத்துச் சென்றிருந்தார். கணக்கிற் கூறிய சுருதிகளை அப்பெண்மணிகள் வீணையிலும் மிடற்றிலும் இசைத்துக் காட்டினர். குடும்பப் பெண்கள் அவையேறிப் பாடுதல் அரிதாயிருந்த அந்நாளிலே, அறிஞர் பேரவையில் தம் பெண்மக்களைச் சான்றாக நிறுத்திய தந்தையின் துணிவை என்னென்பது! இளமையிற் பெண்கள் பள்ளியிலே கற்பித்த உபாத்தியாயர் அன்றோ அவர்!

இவ்வுழைப்பெல்லாம் திரண்டு 1917ஆம் ஆண்டிலே கருணாமிர்த சாகரம் என்னும் பெருநூலாக, அவர்தம் லாலி அச்சுக்கூடத்திலிருந்தே வெளிவந்தது. ஆயிரத்து முந்நூறு பக்கங்கட்கு மேற்பட்ட அந்நூலிலே தமிழிசையின் தொன்மை, வடநூலாரின் கொள்கைகள், மேலைநாட்டார் கணக்குகள், பாலைகளின் இலக்கணம் ஆகியவற்றோடு, தென்னாட்டு இசைவாணர் பலரின் பெயர்களும் தொகுக்கப்பெற்றுள்ளன. தொடர்ந்து அடுத்த பகுதிக்கு வேண்டுவன திரட்டிக்கொண்டிருக்கையில், 1919ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 31ஆம் நாள், தமது அறுபதாம் வயது நிரம்பிய சில வாரங்களிலே பண்டிதர் இறைவன் அடி சேர்ந்தார். பரோடாவிலே இசைத்த மரகதவல்லியாரே தந்தையின் இரண்டாம் புத்தகத்தை 1946ஆம் ஆண்டிலே பதிப்பித்தார். மைந்தராகிய வரகுண பாண்டியனார் யாழைப்பற்றி ஆராய்ந்து பாணர் கைவழி என்னும் நூலை 1950ஆம் ஆண்டு வெளியிட்டார்.

இனி, பண்டிதர் கண்ட முடிபு வென்றதா என்று வினவுவோர் உளர். உண்மையைக் கூறின், யாவரும் அதனை ஏற்றாரல்லர். தம்புரா இயற்கையாக ஒலிக்கும் பஞ்சமத்திற்கும் சமவிகிதக் கணக்கிற் பெறும் பஞ்சமத்திற்கும் நுண்ணிய வேற்றுமை உண்டு. நம் இசையிலோ சுரங்கள் கமகத்தோடு அசைவனவேயன்றிக் கற்றூண்போல் நிற்பன அல்ல. 22 சுருதிக் கொள்கை இன்றும் பலராற் போற்றப்படுகின்றது. 1947ஆம் ஆண்டிலே யாழ் நூல் இயற்றிய விபுலாநந்த அடிகளும் பண்டிதர் வழியினின்று வேறுபட்டு 22 அலகுகளையே கொண்டனர். கடல்கொண்ட பெருநிலத்தைப்பற்றித் தம் காலத்து நூல்களை நம்பிப் பண்டிதர் எழுதியவற்றை இற்றை நிலவியலார் ஏற்பதில்லை.

ஆயினும், அடிகளும் வரகுண பாண்டியனாரும் பிறரும் எவ்விடத்திலே நின்று ஆராய்ந்தனர்? சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை இசையிலக்கணமாகக் கொண்டன்றோ? அவ்வழியிலே பெருமுயற்சியோடு முன் நடந்தவர் பண்டிதர். 1940-களிலே தமிழிசை இயக்கம் எழுந்து, 1943ஆம் ஆண்டு சென்னையிலே தமிழ் இசைச் சங்கம் தோன்றியபோது, தமிழர்க்குத் தனி இசை மரபு உண்டோ என்று வினவியவர்கட்குக் காட்டுதற்குக் கருணாமிர்த சாகரம் முன்னரே அச்சில் இருந்தது. ஒருவர் கண்ட எண் பிழைபடலாம். அவ்வெண்ணைத் தேடித் திறந்த வாயில் மூடுவதில்லை.

மாணவ நண்பர்காள்! கற்றது ஒன்று, ஈட்டியது ஒன்று, விரும்பியது ஒன்று எனப் பிரிந்து நிற்கும் வாழ்க்கையே உலகிற் பெரும்பான்மை. பண்டிதரோ வைத்தியத்தால் ஈட்டியதை இசைக்கு அளித்தார். தமிழிலே கற்றதைக் கணக்கோடு பொருத்தினார். தாம் நம்பியதை மறுப்போர் முன்னிலையிலே வைத்தார். இவற்றுள் மூன்றாவதே அரியது. நம் கருத்தோடு ஒத்தவரைக் கூட்டிக் கைதட்டல் பெறுவது யாவர்க்கும் எளிது. நம்மினும் வல்லவரை அழைத்து, அவர்க்கு உணவும் இருக்கையும் அளித்து, என் கணக்கிற் பிழை காண்பீராக என நிற்பதற்குச் செல்வம் மட்டும் போதாது. உண்மையின்பாற் காதல் வேண்டும். தஞ்சைப் பெருநகரைக் காணச் செல்வோர் பெரிய கோயிலையும் அரண்மனையையும் சரஸ்வதி மகாலையும் கண்டு வியக்கின்றனர். அந்நகரிலேயே ஒரு மருத்துவர் தம் மாத்திரை விற்ற பொருளைக்கொண்டு ஒரு நாட்டின் இசைக்குச் சுருதி சேர்க்க முயன்றார் என்பதையும் அவர்கள் நினைந்து செல்வாராக.