நாதிருல் அஸ்ர் உஸ்தாத் மன்சூர்

மொகலாயர் என்றதும் நம் வர்த்தக சகோதரர்களுக்குத் தாஜ்மஹாலும் மயிலாசனமும் நினைவுக்கு வரும். பறவைகளையும் மிருகங்களையும் எழுதியே புகழ் பெற்ற உஸ்தாத் மன்சூரைப் பற்றிக் கேட்டால் பலர் விழிப்பார்கள். நாமும் அப்படித்தான் இருந்தோம். தஞ்சோங் ரம்புத்தானில் நம் கடைக்கு வண்ணப் பென்சில் வாங்க வந்த ஒரு சிறுவன், முஸ்லிம்களில் பிராணிகளைச் சித்திரமாக வரைந்தவர் உண்டா என்று கேட்டான். மதரஸாவில் ஓதியதும் பள்ளியில் படித்ததும் அப்போது கை கொடுக்கவில்லை. அந்த வெட்கத்தில் தேடிப் படித்ததையே இங்கு எழுதுகிறோம்.

மன்சூர் அக்பர் பாதுஷாவின் சித்திரச்சாலையில் தொழில் பழகியவர். பாபர் நாமாவின் சித்திர ஏடுகளில் அவருடைய கைவேலை உண்டு. 1605-ல் ஜஹாங்கீர் பட்டத்துக்கு வந்த பிறகே அவருக்கு நல்ல காலம் பிறந்தது. புதிய பிராணி எது வந்தாலும் அதன் நிறம், அளவு, குணம் யாவற்றையும் தம் நினைவேட்டில் குறித்து வைப்பவர் அந்தப் பாதுஷா. எழுத்து மட்டும் போதாது, கண்ணால் பார்க்கவும் வேண்டும் என்று சித்திரக்காரரை அழைப்பார். மன்சூருக்கு அவர் அளித்த பட்டமே நாதிருல் அஸ்ர்; காலத்தின் அபூர்வம் என்று பொருள்.

வியாபாரிகளான நமக்கு ருசிக்கும் செய்தி ஒன்று. 1612-ல் முகர்ரப் கான் என்ற பிரபு கோவாத் துறைமுகத்தில் பறங்கியரிடமிருந்து, விலையைப் பாராமல், அதிசயப் பொருள்களை வாங்கி வந்தார். அவற்றில் வான்கோழியும் ஒன்று. அது அமெரிக்கக் கண்டத்துப் பறவை. கப்பல் சரக்கோடு வந்த அதை மன்சூர் எழுதிய சித்திரம் லண்டனில் இருக்கிறது. கழுத்துத் தொங்கலின் சுருக்கம் கூடத் தப்பவில்லை.

அவருடைய சாமான்களில் பாதி நம் கடைகளில் கிடைப்பவை. பல தாள்களைப் பசை தடவி ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, காய்ந்தபின் வழவழப்பான கல்லால் தேய்ப்பார்கள். நம்மவர் மோதிரத்தில் பதிக்கும் அகீக் கல்லே அதற்கு உகந்தது. தூரிகை அணில் வாலின் மயிர். விளக்குப் புகைக்கரி, அவுரி நீலம், பதக்ஷானிலிருந்து வந்த லாஜவர்த் கல்லின் தூள் ஆகியவற்றை வேலம் பிசினில் குழைத்துச் சிப்பியில் வைத்துக்கொள்வார்கள். ஒரு இறகுக்கு ஒரே மயிரின் நுனியால் நூறு கோடு போட வேண்டுமானால் எத்தனை பொறுமை வேண்டும்! ஒரு மாதக் கணக்கை ஒரே நாளில் முடிக்கத் துடிக்கும் நமக்கு அது ஏது?

1620-ல் பாதுஷாவுடன் காஷ்மீர் சென்றபோது நூற்றுக்கும் மேற்பட்ட மலர்களை எழுதினார். மறு ஆண்டு ஹபஷா நாட்டிலிருந்து துருக்கியர் வரிக்குதிரை ஒன்றைக் கொண்டுவந்தனர். கோடுகளை யாரோ சாயம் பூசியிருப்பார்களோ என்று தர்பாரில் சந்தேகம் எழுந்தது. ஆராய்ந்து பார்த்து, அது அல்லாஹ்வின் படைப்பே என்று தெளிந்தார்கள். குதிரை ஈரானின் ஷா அப்பாஸுக்கு வெகுமதியாகப் போய்விட்டது. மன்சூரின் சித்திரம் தங்கிற்று.

உயிருள்ளவற்றைச் சித்திரம் எழுதலாமா என்று சிலர் நம்மைக் கேட்கக்கூடும். உலமாக்களிடையே இதில் கருத்து வேற்றுமை உண்டு. கடைக்காரர் தீர்ப்புச் சொல்லும் விஷயமல்ல. ஆனால் அக்பர் பாதுஷா, பிராணியை வரைந்தும் அதற்கு உயிர் கொடுக்க முடியாத சித்திரக்காரன் படைத்தவனையே எண்ண வேண்டியவனாகிறான் என்று கருதியதாக அபுல் ஃபஸல் எழுதியுள்ளார். நமக்கு அந்த எண்ணம் பிடித்திருக்கிறது.

மொரீஷியஸ் தீவின் டோடோ பறவை 17-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் உலகத்தை விட்டே மறைந்தது. உயிரோடிருந்த டோடோவின் நிறத்தைக் காட்டும் அபூர்வச் சித்திரம் ஒன்று ரஷ்யாவின் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் உண்டு. அது மன்சூர் கைவேலை என்றே அறிஞர்கள் கருதுகிறார்கள். சைபீரிய நாரைக்கு மேனாட்டு விஞ்ஞானிகள் 1773-ல் பெயர் சூட்டினார்கள். அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே மன்சூர் அதை எழுதிவிட்டார். சித்திரம் கல்கத்தா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. குளிர்காலத்தில் பரத்பூருக்கு வந்துகொண்டிருந்த அந்த நாரைகள் 2002-க்குப் பிறகு அங்கே வரவில்லை.

அச்சிறுவன் மறுபடி வந்தபோது நாரையின் படத்தைக் காட்டினோம். கால் தோலின் சுருக்கங்களை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, அணில் மயிர் எங்கே கிடைக்கும் என்று கேட்டான்.