திரும்பும் வழியை எண்ணியவர்

ஒரு செயலைத் தொடங்குமுன் அதன் முடிவையும் இடையில் நேரக்கூடிய இடர்களையும் எண்ணிப் பார்ப்பது திட்டமிட்ட சிந்தனையின் முதற்படி. எடுத்த முடிவு தவறெனத் தெரிந்தால் அதை மாற்றிக்கொள்வது அதன் அடுத்த படி. துணிவே பெரிதெனப் போற்றப்பட்ட துருவப் பயணங்களில் இச்சிந்தனையைத் தம் முதன்மைக் கருவியாகக் கொண்டவர் நார்வே நாட்டைச் சேர்ந்த ரோல்ட் அமுன்சென். தென்துருவத்தை முதன்முதலில் அடைந்த குழுவின் தலைவர் அவரே.

இலக்கும் ஆயத்தமும்

அமுன்சென் 1872 ஆம் ஆண்டு கப்பல் உரிமையாளர் குடும்பமொன்றில் பிறந்தார். ஜான் பிராங்க்ளினின் ஆர்க்டிக் பயணங்களைப் பற்றி இளமையில் படித்தபோதே, துருவப் பயணியாவது என உள்ளத்தில் உறுதி பூண்டார். ஆயினும், மகன் மருத்துவராக வேண்டுமென்பது அன்னையின் விருப்பம். அதற்கிணங்க மருத்துவம் பயின்ற அவர், 1893 இல் அன்னை மறைந்த பின்னரே தமக்குரிய துறைக்குத் திரும்பினார்.

திரும்பியவுடன் அவர் பனிக்கடலை நோக்கிப் புறப்பட்டுவிடவில்லை. முன்னோடிகளின் பயண நூல்களைத் தேடிப் படித்து, அவர்கள் எங்கே தவறினர் என ஆராய்ந்தார். பல பயணங்களில் கப்பல் தலைவர் ஒருவராகவும் குழுத் தலைவர் மற்றொருவராகவும் இருந்ததால் பூசல் விளைந்ததை அறிந்தார். இரு பொறுப்பையும் தாமே ஏற்கவேண்டும் எனத் தெளிந்து, கடலோடியாகப் பணியாற்றிக் கப்பல் தலைவருக்குரிய தகுதிச் சான்றினைப் பெற்றார்.

1897 இல் பெல்ஜிகா என்னும் கப்பலில் அண்டார்டிகாவுக்குச் சென்ற குழுவில் அவர் இடம்பெற்றார். கப்பல் பனியில் சிக்கியது. நீண்ட குளிர்காலத்தில் ஸ்கர்வி நோய் குழுவினரை வாட்டியது. சீல், பென்குயின் ஆகியவற்றின் புதிய இறைச்சியை உண்ணச் செய்து, கப்பலின் மருத்துவர் அவர்களைக் காத்தார். உணவைப் பற்றிய இப்பாடத்தை அமுன்சென் தம் வாழ்நாள் முழுதும் மறக்கவில்லை.

அறிந்தோரிடம் கற்றல்

அட்லாண்டிக் பெருங்கடலையும் பசிபிக் பெருங்கடலையும் வட அமெரிக்காவின் வடக்கே இணைக்கும் வடமேற்குக் கடல்வழியைக் கடப்பது அவருடைய முதற்பெருமுயற்சி. 1845 இல் இவ்வழியைத் தேடி இரு பெருங்கப்பல்களில் சென்ற பிராங்க்ளினும் அவருடைய குழுவினரும் அங்கேயே மாண்டனர். அமுன்சென் 1903 இல் யோவா என்னும் சிறிய மீன்பிடிக் கப்பலில் ஆறு துணைவருடன் புறப்பட்டார். ஆழம் குறைந்த நீரில் சிறிய கப்பலே செல்லும். சிறிய குழுவுக்கே வேட்டையாடி உணவு தேடவும் இயலும் என்பது அவர் கணக்கு.

வழியில் ஏறத்தாழ ஈராண்டுகள் அக்குழு ஒரே இடத்தில் தங்கியது. அங்கு வாழ்ந்த இனுயிட் மக்களிடம் அமுன்சென் மாணவராகவே இருந்தார். விலங்குத் தோலாடை அணியும் முறை, பனி வீடு கட்டும் முறை, நாய்கள் இழுக்கும் பனிவண்டியைச் செலுத்தும் முறை முதலியவற்றை அவர்களிடமிருந்து கற்றார். 1906 இல் அப்பயணம் வெற்றியுடன் நிறைவுற்றது.

இலக்கு மாறியது

அடுத்து வடதுருவத்தை நோக்கிச் செல்ல அவர் ஆயத்தமானார். ஆனால் 1909 இல், வடதுருவத்தை அடைந்துவிட்டதாக இரு அமெரிக்கர்கள் அறிவித்தனர். அமுன்சென் தம் இலக்கைத் தென்துருவத்துக்கு மாற்றினார். அதனைப் பொருளுதவி செய்தோரிடமும் கூறவில்லை. 1910 இல் பிராம் என்னும் கப்பல் மதீரா தீவை அடைந்த பிறகே குழுவினர் பெரும்பாலோர் உண்மையை அறிந்தனர். தென்துருவம் நோக்கிச் சென்றுகொண்டிருந்த இங்கிலாந்தின் இராபர்ட் ஸ்காட்டுக்கும் தந்தி வழியே செய்தி சென்றது. இந்த மறைப்புக்காக அமுன்சென் பெற்ற பழி அவரை நெடுங்காலம் தொடர்ந்தது.

1911 ஜனவரியில் திமிங்கில விரிகுடாவில் அவர் முகாம் அமைத்தார். துருவப் பயணத்துக்கு முன்னரே 80, 81, 82 பாகைத் தென் அட்சங்களில் ஏறத்தாழ 3 டன் உணவும் எரிபொருளும் சேமிக்கப்பட்டன. பனிப்புயலில் வழி தவறித் திரும்பினால் அக்கிடங்கை எவ்வாறு கண்டறிவது என்னும் வினாவுக்கும் அவர் விடை வைத்திருந்தார். முதற்கிடங்கின் இருபுறமும் 900 மீட்டருக்கு ஒன்றாகப் பத்துப் பத்துக் கொடிகள் நடப்பட்டன. ஒவ்வொன்றிலும் கிடங்கு இருக்கும் திசை குறிக்கப்பட்டிருந்தது. எனவே, ஒன்பது கிலோமீட்டர் விலகிச் சென்றாலும் கிடங்கைத் தவறவிட வாய்ப்பில்லை.

தவறும் திருத்தமும்

இத்தகையவரும் ஒருமுறை அவசரத்துக்கு இடங்கொடுத்தார். ஸ்காட் முந்திவிடுவாரோ என்னும் கவலையால், குளிர் தணியுமுன் 1911 செப்டம்பர் 8 அன்று புறப்பட்டார். வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 50 பாகை செல்சியசையும் கடந்து இறங்கியது. நாய்கள் தளர்ந்தன, சிலருடைய பாதங்கள் குளிரால் புண்பட்டன. சுமையை முதற்கிடங்கில் இறக்கிவைத்துவிட்டு அனைவரும் திரும்பினர். திரும்பும் வழியில் தலைவரே முந்திச் செல்ல, பின்தங்கிய தோழர் ஒருவரை யால்மர் ஜோஹன்சென் என்பவர் பாடுபட்டு மீட்டுவந்தார். அமுன்சென்னின் செயலை அவர் அனைவர் முன்னிலையிலும் கண்டித்தார். அதனால் துருவக் குழுவிலிருந்து அவர் நீக்கப்பட்டார். அவர் கூறியதில் நியாயம் இருந்தது. அதனைத் தலைவரால் பொறுத்துக்கொள்ள இயலவில்லை.

எனினும், தாம் வகுத்த திட்டத்தின் பிழையை அமுன்சென் திருத்திக்கொண்டார். எட்டுப் பேராக இருந்த குழுவை ஐவராகச் சுருக்கினார். பருவம் கனியும்வரை காத்திருந்தார். அக்டோபரில் நான்கு பனிவண்டிகளும் 52 நாய்களும் புறப்பட்டன. வழிநெடுக ஆள் உயரத்தில் 150 பனிக்குவியல்கள் அடையாளமாக எழுப்பப்பட்டன. மலையேறிய பின் 24 நாய்களைக் கொன்று உணவாக்குவதும் முன்னரே வகுக்கப்பட்டிருந்தது. உடன் உழைத்த உயிர்களை அவ்வாறு இழந்தது குழுவினருக்குப் பெருந்துயரமாக அமைந்தது. 1911 டிசம்பர் 14 அன்று ஐவரும் தென்துருவத்தை அடைந்தனர். 1912 ஜனவரி 25 அன்று, 99 நாள்களுக்குப் பின், ஐவரும் நலமுடன் முகாம் திரும்பினர்.

ஸ்காட்டின் குழு 1912 ஜனவரி 17 அன்று துருவத்தை அடைந்தது. துணிவிலும் உழைப்பிலும் அவர்கள் எவருக்கும் குறைந்தவரல்லர். ஆயினும், கடுங்குளிர், பசி, நோய் ஆகியவற்றால் ஐவரும் திரும்பும் வழியில் உயிர் நீத்தனர். இறுதி மூவரின் கூடாரத்துக்கும் அடுத்த உணவுக் கிடங்குக்கும் இடையே இருந்த தொலைவு ஏறத்தாழ 20 கிலோமீட்டரே.

இறுதிப் பயணம்

1928 இல் இத்தாலியரான நொபிலேயின் வான்கப்பல் ஆர்க்டிக் பகுதியில் விபத்துக்குள்ளானது. அவருக்கும் அமுன்சென்னுக்கும் இடையே வெளிப்படையான பகை இருந்தது. அதனைப் பொருட்படுத்தாமல் அவரைத் தேடி ஜூன் 18 அன்று விமானத்தில் புறப்பட்ட அமுன்சென் திரும்பவேயில்லை. நொபிலே பின்னர் மீட்கப்பட்டார்.

எந்தத் துறையைத் தேர்ந்தெடுப்பது, எப்போது காத்திருப்பது, எப்போது பின்வாங்குவது என்பன எல்லோர் வாழ்விலும் எழும் வினாக்கள். அவற்றுக்கு விடை காண விழைவோருக்கு, அமுன்சென்னின் வெற்றியைப் போலவே அவருடைய பிழைகளும் பாடமாகும். எதிர்வரும் இடரை முன்கூட்டி எண்ணி, அறிந்தோரிடம் கற்று, தவற்றைக் காலத்தில் திருத்திக்கொள்வோர் இலக்கையும் அடைவர்; பாதுகாப்பாகத் திரும்பவும் வல்லவராவர்.