வார்டில் பாடம் சொன்ன டாக்டர்

மருந்து எழுதத் தெரிந்தவரெல்லாம் நல்ல டாக்டராகிவிட முடியாது. நோயாளியிடம் பேசத் தெரிய வேண்டும். அவர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்கவும் தெரிய வேண்டும். இதை நோயாளியின் கட்டிலருகே நின்றுதான் கற்க முடியும் என்று நிலைநாட்டியவர் சர் வில்லியம் ஆஸ்லர்.

1849 ஜூலை 12-ந் தேதி கனடாவிலுள்ள பாண்டு ஹெட் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை பாதிரியார். மகனும் பாதிரியாராகும் எண்ணத்துடனேயே கல்லூரியில் சேர்ந்தார். ஆனால், மனம் வைத்தியத்தை நாடியது. 1872-ல் மக்கில் சர்வகலாசாலையில் டாக்டர் பட்டம் பெற்றார். இரண்டே ஆண்டுகளில் அங்கேயே ஆசிரியருமானார்.

1889-ல் அமெரிக்காவில், பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரிக்குத் தலைமை வைத்தியராக வந்தார். பிரசங்கம் கேட்டே பட்டம் பெற்று, நோயாளியைத் தொட்டுப் பாராமலே டாக்டரானவர்கள் அந்நாட்டில் அப்போது பலர். ஆஸ்லர் மாணவர்களை வார்டுக்கு அழைத்துச் சென்றார். ஒவ்வொருவரிடமும் சில நோயாளிகளை ஒப்படைத்தார். நோயின் கதையை அவர்கள் வாயாலேயே கேட்டு எழுதச் செய்தார்.

1905-ல் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலைப் பேராசிரியரானார். அங்கே ஒரு சிறுவனுக்குக் கடுமையான கக்குவான் இருமல். எதையும் உண்ண மறுத்தான். விழாவுக்குப் புறப்பட்ட ஆஸ்லர், பட்ட அங்கியுடனே அவனைப் பார்க்கப் போனார். பீச் பழமொன்றைத் தோலுரித்து, சர்க்கரை தூவி, இது அபூர்வமான பழம் என்று சொல்லித் துண்டு துண்டாக ஊட்டினார். பையன் சாப்பிட்டான்! அங்கியில் அவன் மயங்கியதைக் கண்ட ஆஸ்லர், பின்னர் நாற்பது நாட்கள் அவன் அறை வாசலில் அதை அணிந்துகொண்டே உள்ளே சென்றார். பையன் பிழைத்தான்.

ஆனால், தம் சொந்த மகனை அவரால் காக்க முடியவில்லை. 1917-ல் உலக யுத்தத்தில் மகன் மாண்டான். 1919 டிசம்பர் 29-ந் தேதி ஆஸ்லரும் கண்ணை மூடினார்.

கட்டிலருகே கற்பதில் ஒரு சங்கடம் உண்டு. புது மாணவன் தடுமாறினால், துன்பப்படுவது நோயாளி அல்லவா? 1963-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஹோவர்டு பாரோஸ் என்ற டாக்டர் இதற்கு வழி கண்டார். ஆரோக்கியமான ஒரு பெண்ணை நோயாளியாக நடிக்கப் பழக்கினார். மாணவன் அவளை விசாரித்துப் பரிசோதிப்பான். அவன் எப்படி நடந்துகொண்டான் என்பதை அவள் பிறகு தெரிவிப்பாள். துக்கச் செய்தியை எப்படிச் சொல்வது என்பதைக்கூட இன்று பல நாடுகளில் மாணவர்கள் இத்தகைய நடிப்பு நோயாளிகளிடம் பழகிக்கொள்கிறார்கள். அங்கே செய்யும் பிழையால் யாருக்கும் தீங்கில்லை.

நோயாளியே ஆசான் என்பதுதான் இதற்கும் அடிப்படை. வார்டில் மாணவர்களுக்குக் கற்பித்தவன் என்பதைத் தவிரத் தம் கல்லறைக்கு வேறு வாசகம் வேண்டாம் என்றே ஆஸ்லர் விரும்பினார்.