மேரி கியூரி அம்மையாரின் மிதிவண்டி

மேரி கியூரி அம்மையார் என்றதும் நமக்கு நினைவு வருவது ரேடியம். அடுத்தது இரண்டு நோபல் பரிசுகள். கறுப்பு உடையும் களைத்த முகமுமாக அவர் இருக்கும் படத்தை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்த முகத்துக்கு உரியவர் மிதிவண்டியில் நாட்டுப்புறமெல்லாம் சுற்றி வந்தவர் என்று சொன்னால் நம்புவது கடினம். சேலையூரிலிருந்தும் குரோம்பேட்டையிலிருந்தும் நாள்தோறும் சைக்கிளில் பள்ளிக்கு வரும் தோழியருக்காகவே அந்தக் கதையை இங்கு எழுதத் துணிந்தேன்.

போலந்து நாட்டின் வார்சா நகரில் 1867ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் மரியா ஸ்கொடோவ்ஸ்கா பிறந்தார். தந்தை கணிதமும் பௌதிகமும் கற்பித்த ஆசிரியர். தாயார் ஒரு பெண்கள் பள்ளியின் தலைவியாக இருந்தவர். மரியாவுக்குப் பத்து வயது நடக்கையில் காசநோய் அந்தத் தாயைக் கொண்டுபோயிற்று. நாடு அப்போது ரஷ்யப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. வார்சா பல்கலைக்கழகம் பெண்களைச் சேர்த்துக் கொள்ளவில்லை. ஆகவே மரியாவும் தமக்கை பிரோனியாவும் ஓர் ஒப்பந்தம் செய்து கொண்டார்கள். பிரோனியா பாரிஸ் சென்று மருத்துவம் பயில்வது. அதுவரை மரியா பிறர் வீட்டுக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிப் பணம் அனுப்புவது. பிறகு தமக்கை தங்கைக்கு உதவுவது. இருவரும் சொன்ன சொல் தவறவில்லை. ஆனால் தங்கையின் முறை வருவதற்குள் அவருக்கு இருபத்து நான்கு வயதாகிவிட்டது.

1891இல் மிகக் குறைந்த கட்டண வகுப்பில், உட்காரத் தம் சொந்த மடக்கு நாற்காலியையும் எடுத்துக்கொண்டு, இரயிலில் பாரிஸ் வந்து சேர்ந்தார். முதலில் தமக்கை வீட்டிலிருந்து குதிரை பூட்டிய மாடி பஸ்ஸில் கல்லூரிக்குப் போய் வந்தார். திறந்த மேல்தளத்தில் கட்டணம் குறைவு, குளிரோ அதிகம். போகவர ஆகும் நேரமும் காசும் வீணாகிறதே என்று வருந்தி, சில மாதங்களில் கல்லூரிக்கு நடந்தே செல்லக்கூடிய தூரத்தில் ஒரு மாடியறையைப் பிடித்துக் குடியேறினார். தாம்பரத்திலிருந்து நெரிசலில் தொங்கிக்கொண்டு கல்லூரிக்குப் போய்வரும் நம் அக்காமார்களுக்கு இந்த வருத்தம் நன்றாகப் புரியும். 1893இல் பௌதிகத்தில் முதல் மாணவியாகவும், மறு ஆண்டு கணிதத்தில் இரண்டாம் இடத்திலும் தேறினார். அந்த 1894இல்தான் பியேர் கியூரி என்ற விஞ்ஞானியின் அறிமுகம் கிடைத்தது.

1895ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள், பாரிஸுக்கு அருகிலுள்ள சோ என்னும் ஊரில் இருவருக்கும் திருமணம் நடந்தது. மணப்பெண் வெள்ளை உடை வேண்டாம் என்றார். பின்னால் ஆய்வுக்கூடத்துக்கும் உடுத்திச் செல்ல ஏற்றதாகக் கருநீல உடை ஒன்றே போதும் என்று கேட்டுப் பெற்றார். உறவினர் ஒருவர் திருமணப் பரிசாகப் பணம் அனுப்பியிருந்தார். நம் வீடுகளாக இருந்தால் அது நகையாகியிருக்கும். அவர்கள் இரண்டு சைக்கிள் வாங்கினார்கள்!

அந்த வண்டிகளிலேயே தேனிலவுக்குப் புறப்பட்டார்கள். பிரிட்டனி கடற்கரையில் மீனவர் ஊர்களைச் சுற்றினார்கள். பசித்தால் ரொட்டி, பாலாடைக்கட்டி, பழம். இரவானால் வழியில் அகப்பட்ட விடுதி. அடுத்த ஆண்டும் மலைப்பாங்கான ஒவெர்ன் பகுதியில் இவ்வாறே திரிந்தார்கள். 1897இல், மேரி எட்டு மாதக் கர்ப்பிணியாக இருந்தபோதும் இருவரும் சைக்கிளில் பிரெஸ்ட் நகரை நோக்கிக் கிளம்பிவிட்டார்கள். நம் பாட்டிமார் அறிந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ! உடல் இடங்கொடாமல் பாதியில் பாரிஸ் திரும்ப வேண்டியதாயிற்று. செப்டம்பர் 12ஆம் நாள் மகள் ஐரீன் பிறந்தாள்.

அந்த நாளில் சைக்கிள் புதுமைப் பொருள். இரு சக்கரமும் ஒரே அளவாய், சங்கிலி பூட்டிய வண்டியை இங்கிலாந்தில் ஸ்டார்லி என்பவர் 1885இல்தான் செய்தார். டன்லப்பின் காற்றடைத்த டயர் 1888இல் வந்தது. பாரிஸ் நகரிலோ பெண்கள் கால்சட்டை அணியக்கூடாது என்ற பழைய ஆணை ஒன்று இருந்தது. 1892, 1909 ஆண்டுகளின் சுற்றறிக்கைகள் அதைச் சற்றே தளர்த்தி, சைக்கிளின் கைப்பிடியையோ குதிரையின் கடிவாளத்தையோ பிடித்திருக்கும் பெண்ணுக்கு மட்டும் விலக்களித்தன. அந்த ஆணை செல்லாது என்று பிரெஞ்சு அரசு வெளிப்படையாக அறிவித்தது 2013இல்! நாம் சிரிக்க வேண்டாம். நம் புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் கிராமத்துப் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்பித்தபோது, கேலி செய்தவர்களுக்குக் குறைவில்லை. 2001இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கென்று தொடங்கிய அரசின் இலவச சைக்கிள் திட்டம் சில ஆண்டுகளில் பதினோராம் வகுப்பு மாணவ மாணவியர் யாவருக்குமாக விரிந்த பிறகுதான், சீருடையணிந்த பெண் சைக்கிளில் போவது யாரும் திரும்பிப் பாராத காட்சியாயிற்று.

ரேடியத்தின் கதையை நாம் வகுப்பில் படித்தோம்: 1898இல் பொலோனியமும் ரேடியமும், ஒழுகும் கொட்டகையில் நான்காண்டு உழைப்பு, 1903இல் பௌதிக நோபல். நான் சொல்ல விரும்புவது அதற்குப் பின் வந்த துயரம். 1906 ஏப்ரல் 19, மழை நாள். பியேர் கியூரி பாரிஸின் தோஃபீன் தெருவைக் கடந்தார். வண்டிகள் நெருங்கி ஓடும் குறுகலான தெரு அது. பாரம் ஏற்றிய குதிரை வண்டி ஒன்று எதிரே வர, ஈரத் தரையில் வழுக்கி விழுந்தார். பின் சக்கரம் தலையில் ஏறிற்று. உலகம் போற்றிய அறிவாளியின் உயிர் தெருவிலேயே போயிற்று. அவருக்கு நாற்பத்தாறு வயது. அப்போது மேரிக்கு முப்பத்தெட்டு. மடியில் இரண்டு பெண் குழந்தைகள்.

குதிரை வண்டிக் காலத்திலேயே இப்படி! ஜி.எஸ்.டி. சாலையைக் காலை எட்டரை மணிக்குச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடப்பவளுக்கு, இதைப் படிக்கையில் நெஞ்சு படபடக்கத்தான் செய்யும். லாரிக்கும் பஸ்ஸுக்கும் இடையில் நமக்கென்று ஒரு முழ அகலம்கூட யாரும் ஒதுக்கவில்லை. 2014இல் சென்னை மாநகராட்சி பெசன்ட் நகரில் எலியட்ஸ் கடற்கரைச் சாலையை ஞாயிறு காலைகளில் கார்களுக்கு மூடிவிட்டது. குழந்தைகள் நடுச்சாலையில் சைக்கிள் ஓட்டினார்கள், ஸ்கேட்டிங் செய்தார்கள், பெரியவர்கள் பயமின்றி நடந்தார்கள். தேனிலவில் கியூரி தம்பதியர் கண்ட சாலைகளும் ஏறத்தாழ அப்படித்தானே இருந்திருக்கும்!

மேரி அழுது ஓய்ந்துவிடவில்லை. அவ்வாண்டு நவம்பரில் கணவர் நடத்திய வகுப்பை அவரே ஏற்று, சோர்போன் பல்கலைக்கழகத்தின் முதல் பெண் விரிவுரையாளரானார். 1911இல் இரசாயனத்துக்கு நோபல். 1914இல் உலகப் போர் மூண்டதும், மோட்டார் வண்டிகளில் எக்ஸ்ரே கருவியை ஏற்றிப் போர்முனைக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார். வண்டியின் எஞ்சினே மின்சாரம் தரும். இவ்வாறு இருபது வண்டிகள். இருநூறு நிலையான எக்ஸ்ரே அறைகள். 1916இல் ஓட்டுநர் உரிமம் பெற்றுத் தாமே காரும் ஓட்டினார். வழியில் டயர் பழுதானால் தாமே மாற்றினார். பதினேழு வயதான ஐரீனும் தாயுடன் போர்முனை மருத்துவமனைகளில் பணி செய்தாள். அதாவது, நம் பன்னிரண்டாம் வகுப்பு அக்காவின் வயது.

கதிர்வீச்சு அவர் உடலை மெல்ல அரித்தது. 1934இல் காசநோய் என்று தவறாக எண்ணி ஆல்ப்ஸ் மலையடுத்த ஒரு சானடோரியத்துக்கு அனுப்பினார்கள். நம் தாம்பரம் சானடோரியம் 1928இல் எதற்காகத் தொடங்கியதோ அதே போன்ற இடம்தான். உண்மை நோய் இரத்தம் ஊறாமை. ஜூலை 4ஆம் நாள் அங்கேயே காலமானார்.

அவரைச் சோ ஊரிலேயே கணவர் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். 1895இல் புது சைக்கிள்களோடு புறப்பட்ட அதே ஊர். சரியாக நூறாண்டு கழித்து, 1995 ஏப்ரலில், இருவரின் பேழைகளையும் பாரிஸின் பாந்தியன் மண்டபத்துக்கு எடுத்துச் சென்றார்கள். தம் சொந்தச் சாதனைக்காக அங்கே இடம் பெற்ற முதல் பெண் அவரே. தோஃபீன் தெருவிலிருந்து அந்த மண்டபத்துக்குச் சைக்கிளில் போனால் பத்து நிமிடம்கூட ஆகாது.