86 வருஷ அரியர்

ஒரு அரியரை கிளியர் பண்ண உங்களுக்கு எத்தனை செமஸ்டர் ஆச்சு? ஒண்ணு? ரெண்டு? ஹெர்மன் வைல் எழுதின ஒரு சமன்பாடு கிளியர் ஆக 86 வருஷம் ஆச்சு. ரிசல்ட் வந்தப்போ அவர் உயிரோட இல்லை.

1885-ல் ஜெர்மனியில், ஹாம்பர்க் பக்கத்தில் எல்ம்ஸ்ஹார்ன் என்ற ஊரில் பிறந்தவர் வைல். கோட்டிங்கனில் டேவிட் ஹில்பர்ட்டிடம் படித்து, 1908-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். 1913-ல் சூரிச் தொழில்நுட்பக் கல்லூரியில் கணிதப் பேராசிரியர் ஆனார். அங்கே ஐன்ஸ்டைனும் வேலை பார்த்தார். அந்தப் பழக்கம் வைலை இயற்பியல் பக்கம் இழுத்துட்டு வந்தது.

1928-ல் டிராக் எலக்ட்ரானுக்கு ஒரு சமன்பாடு கொடுத்தார். நிறையே இல்லாத துகள் என்றால் அதில் பாதி போதும்னு அடுத்த வருஷமே வைல் காட்டினார். அந்தத் துகள் இரண்டு வகை. போகிற திசையிலேயே சுழற்சியின் அச்சும் இருந்தால் வலக்கைத் துகள், எதிர்ப்பக்கம் இருந்தால் இடக்கைத் துகள்.

சிக்கல் எங்கே தெரியுமா? கண்ணாடியில். உங்க வலது கை கண்ணாடியில் இடது கையாத் தெரியும் இல்லையா? அதே மாதிரி இந்தத் துகளும் மாறிடும். இயற்கை இடம், வலம்னு பேதம் பார்க்காது என்பதுதான் அன்றைய நம்பிக்கை. அதனால 1933-ல் பவுலி இந்தச் சமன்பாட்டை ஒதுக்கிவிட்டார்.

அதே வருஷம் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். வைல் அப்போ கோட்டிங்கனில், தன் குரு ஹில்பர்ட் வகித்த பதவியில் இருந்தார். மனைவி ஹெலன் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பதவியை விட்டுட்டு குடும்பத்தோட அமெரிக்காவின் பிரின்ஸ்டனுக்குப் போனார். 1955 டிசம்பர் 8-ல் சூரிச்சில் இறந்தார்.

சுமார் ஒரு வருஷம்தான். கோபால்ட்-60 வைத்து சியென்-ஷியுங் வூ நடத்திய சோதனையின் முடிவு 1957-ல் வெளியானது. இயற்கை இடம், வலம் பேதம் பார்க்கத்தான் செய்கிறது! பவுலி சொன்ன காரணமே போச்சு. அப்போ நியூட்ரினோதான் வைல் துகள்னு எல்லாரும் நினைச்சாங்க. 1998-ல் ஜப்பானில் நடந்த ஆய்வில் நியூட்ரினோவுக்கும் நிறை இருக்குன்னு தெரிஞ்சது. மறுபடியும் அரியர்.

கடைசியில் விடை கிடைச்சது ஒரு படிகத்துக்குள்ளே. 2015-ல் டாண்டலம் ஆர்சனைடில், எலக்ட்ரான்கள் கூட்டாக நிறையே இல்லாத வைல் துகள் மாதிரி ஓடுவதைப் பார்த்தாங்க. இந்த மாதிரிப் பொருளுக்கு வைல் செமிமெட்டல்னு பேர். கண்டுபிடிச்ச குழுக்களில் ஒன்று பெய்ஜிங்கில். இன்னொன்று பிரின்ஸ்டனில், ஊரைவிட்டு வந்த வைல் வாழ்ந்த அதே ஊரில்.

செமிகண்டக்டர் பேப்பரில் மேலே ஒரு பேண்ட், கீழே ஒரு பேண்ட், நடுவில் கேப் விட்டு வரைவோமே, ஞாபகம் இருக்கா? அந்தப் படிகத்தில் சில இடங்களில் கேப் கிடையாது. இரண்டு பேண்டும் ஒரே புள்ளியில் தொட்டுக்கும். இடக்கை, வலக்கைன்னு அந்தப் புள்ளிகள் ஜோடி ஜோடியாத்தான் வரும். டாண்டலம் ஆர்சனைடில் மொத்தம் 24.

அடுத்த தடவை அந்தப் படத்தை வரையும்போது, இரண்டு கோடும் தொட்டுக்கிட்டா என்ன ஆகும்னு ஒரு நிமிஷம் யோசிங்க. அந்தப் புள்ளிக்கு இன்றைக்கு அவர் பேர்தான். வைல் புள்ளி.